பந்தலுக்கு விட்ட இடம்

வீடு கட்டிய நாட்களில் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே நின்று பேசினார்கள். அடுப்படி எந்த மூலையில், மாடிப்படி உள்ளேயா வெளியேயா, சாமி அறைக்குக் கதவு ஒற்றையா இரட்டையா. நான் மட்டும் வெளியே நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்னவாசலைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் மனை. செம்மண்ணும் சரளையுமான மேட்டு நிலம். மேற்கே பார்த்த வாசல். பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது நான் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். எந்த வீட்டிலும் எங்களுக்கு வாசல் என்று ஒன்று இருந்ததில்லை. கதவைத் திறந்தால் ரோடு, ரோட்டிலிருந்து புழுதி. அதனாலோ என்னவோ, தினமும் வேலைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், ரோட்டோர வீடுகளின் முன்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு போவேன். ஒரு வீட்டில் கேட்டிலிருந்து வாசப்படி வரை கல் பதித்து ரெண்டு பக்கமும் இட்லிப்பூ வைத்திருந்தார்கள். பார்க்க அழகு, ஆனால் பைக் ஏறி இறங்கிக் கல்லெல்லாம் ஆடிப்போயிருந்தது. இன்னொரு வீட்டில் வாசலுக்கு நேரே மாமரம். பகலிலும் உள்ளே லைட் எரிந்தது. அழகாகவும் இருக்கவேண்டும், புழங்கவும் வசதியாக இருக்கவேண்டும். அது அவ்வளவு லேசில்லை என்று பஸ்ஸில் போயே தெரிந்துகொண்டேன்.

என் கணவர் நில அளவையர். ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டவர். வீட்டுக்கு வரைபடம் அவரே போட்டார். ஜன்னல், அலமாரி, செருப்பு விடும் இடம் வரைக்கும் அதில் இருந்தது. வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம்.

"இதுல என்ன வருது?" என்று கேட்டேன்.

"அது வாசல். அதுல என்ன வரணும்?"

"நான் போடுறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே பென்சிலைக் கையில் கொடுத்தார்.

எனக்குக் காகிதத்தில் போடத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுண்ணாம்புப் பொடியை வாளியில் எடுத்துக்கொண்டு போய் மண்ணிலேயே போட்டேன். தென்மேற்கு மூலையில் ஒரு புங்கமரம். மத்தியானத்துக்கு மேல் வெயில் அந்தப் பக்கமிருந்துதான் ஹாலுக்குள் இறங்கும். புங்கன் வளர்ந்துவிட்டால் ஹாலுக்கு ஃபேனே வேண்டாம். கேட்டிலிருந்து வாசப்படிக்கு, பைக் தாராளமாக வந்து திரும்புகிற அகலத்தில் ஒரு பாதை. அது மரத்தைச் சுற்றிக்கொண்டு லேசாக வளையும். காம்பவுண்டு சுவரை ஒட்டி இட்லிப்பூவும் நந்தியாவட்டையும். இரண்டுக்கும் தண்ணீர் கொஞ்சம் போதும், எங்கள் போர் தண்ணீரின் உப்பையும் தாங்கும். குழாயடியில் கறிவேப்பிலை. மழைத்தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் வடக்கு ஓரமாக ஓடி ஒரு பள்ளத்தில் நிற்கும்படி சரிவு, பள்ளத்தைச் சுற்றிக் கல்வாழை. மரத்தடியில் உட்கார ஒரு கல். படிக்கும் கேட்டுக்கும் இடையில் கோலம் போட நல்ல சதுரமாக ஒரு வெற்றிடம்.

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "கோடு வளையுதே."

"வளையட்டும்னுதாங்க போட்டேன். நேராப் போட்டா ரோட்ல போறவன் பார்வை அடுப்படி வரைக்கும் போகும்."

அவர் டேப்பை எடுத்து வந்து என் கோடுகளை அளந்தார். அளந்தால் சம்மதம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவருடைய அண்ணன் திருவரங்குளத்திலிருந்து வந்தார். அப்பா இல்லாத குடும்பத்தில் தம்பி தங்கைகளைக் கரையேற்றியவர். அந்தப் பேச்சை எடுத்தால் எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் போட்ட சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நடந்து வந்தார்.

"இது என்னப்பா?"

"தோட்டம் வைக்கணுங்கிறா" என்றார் இவர். ஏதோ பக்கத்து வீட்டுக்காரியின் ஆசையைச் சொல்வதுபோல.

"பொம்பளப்புள்ளய வச்சுக்கிட்டு வாசல்ல காடு வளக்கப் போறீகளா? நாளைக்குப் புள்ளைக்குக் கல்யாணம்னா பந்தல் எங்கிட்டுப் போடுவ? நாலு பேரு வந்தா எங்கிட்டு ஒக்காருவாக?" பிறகு என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார். "ஒனக்குத் தெரியாதுத்தா. வாசல்னா வெறிச்சுனு கெடக்கணும். அதுதான் வீட்டுக்கு மருவாதி."

எங்கள் மகள் அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் இவர் என்னிடம், "கல்யாணம் முடியட்டும். அப்புறம் ஒன் இஷ்டத்துக்குக் காடே வளத்துக்க" என்றார். மறுநாள் லாரியில் ஜல்லி வந்து இறங்கியது. கேட்டிலிருந்து வாசப்படி வரைக்கும், சுவருக்குச் சுவர் சிமெண்டுத் தளம். நான் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஈரத் தளத்தின் மேல் கோழி நடக்காமல் இருக்க முள்ளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

சித்திரையில் அந்தத் தளத்தின் கொதிப்பைச் சொல்லி முடியாது. மேற்கு வெயில் முழுக்க அதில் விழுந்து, அங்கிருந்து கிளம்பி ஹாலுக்குள் வரும். பொழுது சாய்ந்த பிறகும் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. மழை பெய்தால் தண்ணீர் நேரே வாசப்படிக்கு வந்து நின்றது. சரிவை யாரும் யோசிக்கவில்லை. அக்கம்பக்கத்தவர்களுக்கு மட்டும் நல்ல வசதி. புளி காயவைப்பார்கள், மிளகாய் காயவைப்பார்கள், நெல் காயவைப்பார்கள். நான் சுவரோரமாகப் பெயிண்ட் வாளிகளில் செடி வைத்தேன். இவருடைய அண்ணன், என் மூத்தார், வரும்போதெல்லாம் அதையும் ஒதுக்கி வைக்கச் சொல்வார்.

மகள் திருச்சியில் படித்து, கோயம்புத்தூரில் வேலைக்குப் போனாள். கூட வேலை பார்க்கிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக முதலில் என்னிடம்தான் சொன்னாள். அவர் எங்கள் ஆட்கள் இல்லை. நான் இவரிடம் சொன்னேன். இவர் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் முடியாது என்றார், இவரும் முடியாது என்றார். ஒரு வருஷம் மாப்பிள்ளை பார்த்தார்கள். வந்த ஜாதகத்தையெல்லாம் அவள் போனிலேயே திருப்பி அனுப்பினாள். கடைசியில் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடித்துவிட்டு எனக்குப் போட்டோ அனுப்பினாள். கழுத்தில் ஒரு ரோஜாமாலை. பின்னால் இரும்பு பீரோ.

அதற்கடுத்த மாதம் அவர்கள் ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். மத்தியான வெயில் சாயத் தொடங்கிய நேரம். ஆட்டோ நின்ற சத்தம் கேட்டதும் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கூட்டிவரத்தான் போகிறார் என்று நினைத்து நான் பின்னாலேயே போனேன். வாசப்படியில் நின்று அவர் சொன்னார்.

"அங்கயே நில்லு."

அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் அந்தப் பையன், கையில் பழப்பையோடு. இவர் படியில். நடுவில் அந்தத் தளம், அத்தனை அகலமாக. அவர்கள் ஒதுங்கி நிற்க ஒரு கை அகல நிழல்கூட அங்கே இல்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இவர் திரும்பி உள்ளே வந்துவிட்டார்.

நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். "போகாத" என்றார் இவர். போனேன். காலில் செருப்பு இல்லை என்பது பாதி தூரம் போன பிறகுதான் தெரிந்தது. மருமகன் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பை ரெண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். மகள் குடிக்கவில்லை. "நாங்க போறோம்மா. நீ உள்ள போ, கால் சுடும்" என்றாள்.

அந்தச் சொம்பை அடுப்படிக்குள் கொண்டுவரக் கூடாது என்றார் இவர். நான் அதைக் கழுவி, பானைக்கு மேலேயே கவிழ்த்து வைத்தேன். பிறகு பல மாதம் அவர் என்னோடு பேசவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச என்ன இருந்தது?

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை நான் மட்டும் கோயம்புத்தூர் போய்வருவேன். போகாதே என்று அவர் சொன்னதில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்டதில்லை. கிளம்புகிற அன்று காலையில் கடையிலிருந்து முறுக்கு வாங்கி வந்து மேசைமேல் வைப்பார். யாருக்கு என்று சொல்லமாட்டார்.

மூத்தாரின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. புதுக்கோட்டையில் ஏசி மண்டபம். முதல் நாள் பெண்ணழைப்புக்கு முன்னால் திருவரங்குளத்து வீட்டுக்குப் போனோம். வெகுநாள் கழித்து அப்போதுதான் போகிறேன். கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டேன். வாசல் முழுக்கப் புல் பதித்திருந்தார்கள். நடுவில் வளைந்து ஒரு பாதை, ஓரமெல்லாம் செம்பருத்தி, மூலையில் ஒரு மரத்தடியில் சிமெண்டுப் பெஞ்சு.

"எப்பக்கா இதெல்லாம்?" என்று மூத்தாரின் மனைவியிடம் கேட்டேன்.

"போன வருசம். வர்ற மருமவ டவுன்ல வளந்த புள்ள. வாசலு வெறிச்சுனு கெடந்தா நல்லாவா இருக்கும்?"

"பந்தல் போட எடம் வேணாமாக்கா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் குத்திப் பேசுவதாக அவருக்குத் தோன்றவே இல்லை. "இந்தக் காலத்துல யாரு வீட்டு வாசல்ல பந்தல் போடுறா? எல்லாம் மண்டபத்துல முடிஞ்சு போகுது."

மூத்தார் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "வாத்தா, இப்படி நெழல்ல ஒக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. கல்யாணம் முடியும் வரைக்கும் சிரித்த முகமாகவே இருந்தேன். அந்த ரெண்டு நாளும் என் தாடை வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் விசாரித்து, சிமெண்டு உடைக்கிற மிஷின்காரரை வரச் சொன்னேன். இவர் ரிட்டயராகி வீட்டில் இருந்தார். மிஷின் சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"யாரக் கேட்டு?"

"யாரயும் கேக்கல."

"நல்ல தளம். இப்படி ஒடச்சா..."

"கல்யாணம் முடிஞ்சு போச்சுல்லங்க. முடிஞ்சதும் வளத்துக்கன்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் முகம் செத்துப்போனது. உள்ளே போய் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார். அவர் முகம் அப்படி ஆனதில் எனக்கு வருத்தம் வரவில்லை. வரவேண்டும் என்றும் தோன்றவில்லை.

உடைத்துப் பார்த்தால் கீழே மண்ணே இல்லை. தளம் போடும்போது நல்ல செம்மண்ணைச் சுரண்டிவிட்டுக் கிராவலும் செங்கல் துண்டும் கொட்டி இடித்திருந்தார்கள். முதலில் வைத்த செடிகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ரெண்டு டிராக்டர் வண்டல் மண் அடித்து, சாண எரு கலந்து, ஒரு மழைக்காலம் சும்மா போட்டு வைத்தேன். அடுத்த ஆடியில் திரும்ப வைத்தேன். புங்கன் கன்று மட்டும் என் மார் உயரத்துக்கு இருக்கும்படி பார்த்து நர்சரியில் வாங்கிவந்தேன். ஆடு வராமல் சுற்றி முள் அடைத்தேன். அந்த வருஷம்தான் எனக்கும் ரிட்டயர்மெண்ட். காலையும் மாலையும் வாசலிலேயே கிடந்தேன். முதலில் போட்ட அதே திட்டம்தான். சரிவு, பள்ளம், கல்வாழை, வளைந்த பாதை. நான் நினைத்ததில் ஒன்றுகூடத் தப்பவில்லை. நல்ல மழையிலும் வாசப்படி நனையாமல் தண்ணீர் ஓரமாகப் போனது. புங்கன் மூன்றாம் வருஷமே ஹால் ஜன்னலுக்கு நிழல் கொடுத்தது. பார்த்துப் பூரிக்க வேண்டிய நேரத்தில், இது எப்போதோ இருந்திருக்கவேண்டிய வாசல் என்றுதான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைப்பு ஓடியது.

ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் வந்து பாதையின் அகலத்தைக் கேட்டார்கள். ஒருநாள் நான் கடைக்குப் போய்விட்டு வரும்போது, புங்கனடியில் சேர் போட்டு உட்கார்ந்து இவர் ஒரு தம்பதிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"மேக்கு வெயிலுக்குத்தான் அந்த மூலையில மரம். பாதைய நேராப் போட்டா ரோட்ல இருந்து உள்ள தெரியும், அதனால வளச்சுவிட்டேன். நம்ம சர்வேயர்ல, எல்லாம் அளந்துதான் வச்சேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்து, "சார் ரொம்ப அழகா பிளான் பண்ணிருக்காங்க" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அன்று முதல் அந்தச் சேர் மரத்தடியிலேயே இருக்கிறது. பேப்பர், காபி, மாத்திரை எல்லாம் அங்கேதான். ஒரு வாளி தண்ணீர் ஊற்றியவரில்லை.

வாசலைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "நல்லா இருக்கும்மா" என்று பதில் வந்தது. அவர் எட்டிப் பார்த்தார். நான் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

போன தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் அவர் கேட்டார். "கேட்டைக் கொஞ்சம் அகலமாக்கலாமா?"

"எதுக்கு?"

"கார் வந்தா உள்ள நிக்கணும்ல."

"யாரு காரு?"

மருமகன் கார் வாங்கிய சேதியை நான்தான் முந்தைய மாதம் போனில் பேசும்போது அவர் காதில் விழும்படி சத்தமாகத் திரும்பச் சொல்லியிருந்தேன். நான் பேங்குக்குப் போயிருந்த ஒரு காலையில் ஆளைக் கூப்பிட்டு கேட்டைப் பெயர்த்து அகலமாக்கினார். கார் திரும்புவதற்காகத் தெற்குச் சுவரோரம் இருந்த இட்லிப்பூ வரிசை முழுக்க வேரோடு பிடுங்கிப் போடப்பட்டிருந்தது. பூ வாடாமல் அப்படியே குவியலாகக் கிடந்தது.

"என்னக் கேட்டீங்களா?" என்றேன்.

"புள்ளைக்குத்தான" என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவளைப் பற்றி வந்த முதல் சொல் அது. அதற்காக நான் கண் கலங்கியிருக்க வேண்டும். என் கண்ணுக்கு அந்தக் குவியல்தான் தெரிந்தது. இருந்தும் அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து சொன்னேன். அப்பா கேட்டை அகலப்படுத்தியிருக்கிறார், நீங்கள் காரில் வந்தால் உள்ளே நிறுத்தலாம்.

"அவரு வரச் சொன்னாராம்மா?"

"அப்படித்தான் அர்த்தம்."

"அர்த்தம் இருக்கட்டும். சொன்னாரா?"

"சொல்லல."

"சரிம்மா, பாக்குறேன்."

பாக்குறேன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு அவர்கள் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. பொங்கலன்று இவர் காலையிலேயே குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் கோலம் போட்டு முடித்துவிட்டு, "ஒரு போன் போடுங்களேன்" என்றேன். "நம்பர் இல்ல" என்றார். நம்பர் அவர் போனில் இருக்கிறது. நான்தான் பதிந்து கொடுத்தேன்.

மாசி பிறந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கார் வாங்கினார். அவர் வீட்டில் நிறுத்த இடமில்லை. "உங்க எடம் சும்மாதான சார் கெடக்கு" என்று இவரிடம் கேட்டார். இவர் சரி என்றுவிட்டார். இப்போது எங்கள் வாசலில் யாரோ ஒருவருடைய வெள்ளைக் கார் நிற்கிறது. அது கசியவிட்ட எண்ணெய் கோலம் போடுகிற இடத்தில் கறுப்பாகப் பிடித்திருக்கிறது. எத்தனை தேய்த்தாலும் போகவில்லை.

இந்தப் பங்குனியில் புங்கன் முதல் தடவையாக நன்றாகப் பூத்தது. காலையில் எழுந்து பார்த்தால் தரையெல்லாம் பொரி இறைத்த மாதிரி கிடந்தது. காரின் மேலேயும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் துணியும் கையுமாக நின்றுகொண்டு, பூவோடு பிசினும் ஒட்டுகிறது, பெயிண்ட் போய்விடும் என்று குறை சொன்னார். இவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அவர் போனதும் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் பக்கத்துக் கெளய மட்டும் கழிச்சுவிடலாமா?"

கேட்டுவிட்டு நின்றார். கொடுவாளை எடுத்துக்கொண்டு போகவில்லை, ஆளைக் கூப்பிடவில்லை. நான் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

"வேணாம்" என்றேன். "வண்டிய வேற எங்கிட்டாவது நிறுத்திக்கச் சொல்லுங்க."

"எப்படி அவருகிட்டச் சொல்றது? முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும்."

"அதெல்லாம் இந்த வாசல்ல நின்னு ஒங்களுக்குச் சொல்லத் தெரியும்" என்றேன்.

தோசையைத் திருப்பிப் போட்டுத் தட்டில் எடுத்து வைத்தேன். அவர் தட்டை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். கார் இன்னும் அங்கேதான் நிற்கிறது.